சனிக்கிழமை உரையரங்கு: கேள்வி நேரம்வரை இருங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்துக் கலாசார மையம் ஒன்று மாதம் ஒருமுறை நடத்தும் உரையரங்குக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கட்டாயம் போங்கள். ஆனால் உரை முடிந்து கைதட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். இந்த மண்டபத்தில் கிடைக்கும் நல்ல செய்திகளில் பெரும்பங்கு கேள்வி நேரத்தில் கீழேயிருந்து வருகிறது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர்கள், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வேலை பார்த்தவர்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அரங்கு கோலாலம்பூரில் அமையாது. அந்த அருமை மையத்தை நடத்துகிறவர்களுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்பதுதான் எங்கள் பெரிய குறை.

கிழமையை நன்றாகவே தேர்ந்திருக்கிறார்கள். கெடாவில் பள்ளிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் வெள்ளி, சனி விடுமுறை. பேராவிலிருந்தும் சிலாங்கூரிலிருந்தும் வரும் பேச்சாளருக்குச் சனி, ஞாயிறு. இரண்டு தரப்புக்கும் ஒத்து வருவது சனிக்கிழமை ஒன்றுதான். மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளி இருப்பதால் இரவு நிகழ்ச்சி இங்கே எடுபடாது. மாலை 4 மணிக்குத் தொடங்கி 6.30க்கு முடிப்பது என்பது சரியான கணக்கு. செம்பனைக் காட்டு வேலைக்குப் போனவர்கள் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம், இருட்டுவதற்குள் வீடும் திரும்பலாம். பினாங்குப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறிச் சுங்கைப் பட்டாணியில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் கார் பிடிப்பது சுலபம். நுழைவு இலவசம். வாசலில் உண்டியல் இருக்கிறது, மனமிருந்தால் போடலாம்.

குறை அந்த இரண்டரை மணி நேரத்தைச் செலவழிக்கும் விதத்தில். அழைப்பிதழில் 4 மணி என்றிருந்தால் ஒலிவாங்கி உயிர் பெறுவது 4.20க்கு மேல். பிறகு கடவுள் வாழ்த்து, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைவர் உரை, வந்திருக்கும் பிரமுகரின் வாழ்த்துரை. அதன்பின் பொன்னாடை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, அவர் மேடை ஏறி, போர்த்தி, படத்துக்கு நின்று, இறங்கி, அடுத்தவர் பெயர் வரும்போது ஐந்து பேருக்கே பத்து நிமிடம் போய்விடுகிறது. பேச்சாளர் வாய் திறக்கும்போது மணி 5ஐத் தாண்டியிருக்கும். அவர் ஒரு மணி நேரம் பேசுவார். நன்றியுரைக்கும் குழுப்படத்துக்கும் இடம் விட்டால் கலந்துரையாடலுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சும். அந்தச் சிறு பொழுதில்தான் அன்றைய நாளின் மிகச் சிறந்த பேச்சு தொடங்கும், உடனே மணி அடித்து நிறுத்தப்படும்.

இதற்கு மருந்து கடினமானதல்ல. பொன்னாடையும் வாழ்த்துரையும் தேநீர் வேளைக்குத் தள்ளப்பட்டால் போதும். வரவேற்பும் அறிமுகமும் சேர்த்துப் பத்து நிமிடம், உரை 45 நிமிடம், கலந்துரையாடல் முழுசாக ஒரு மணி நேரம் என்று பிரித்தால், 20 நிமிடம் தாமதமாகத் தொடங்கினாலும் 6.30க்குள் எல்லாம் அடங்கிவிடும். பேச்சாளரிடம் 45 நிமிடம் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். மேடையில் துண்டுச் சீட்டு நீட்டினால் யாரும் நிறுத்துவதில்லை. பக்கம் பார்த்துப் படிக்கிற பேச்சாளராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. தமிழில் நிதானமாகப் பேசும் ஒருவர் 45 நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியது அதிகம் போனால் நாலைந்து செய்திகள்தான்.

தலைப்புத் தேர்வில் மையத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். இந்த மண்ணின் வரலாற்றைத் தொடும்போது அரங்கு நிறைகிறது. போருக்குப் பின் இந்த வட்டாரத்து ஹார்வர்ட் ரப்பர்த் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமியின் தலைமையில் கிளம்பிய தொண்டர் படையைப் பற்றிய உரை அப்படிப்பட்டது. கள்ளுக்கடை மறியலும் 1947இல் போலீசோடு ஏற்பட்ட மோதலும் நூல்களில் இருக்கின்றன, பேச்சாளரும் அவற்றை ஒழுங்காகவே சொன்னார். ஆனால் கள்ளுக்கடை எங்கே இருந்தது, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்திலிருந்து அது எத்தனை லயம் (தொழிலாளர் வரிசை வீடு) தள்ளி, சம்பள நாளன்று ஆட்கள் எந்த வழியாக அதற்குப் போவார்கள் என்பதெல்லாம் நூலில் இல்லை. கலந்துரையாடலில் ஒரு பெரிய தாளை மேசையில் விரித்து, மார்க்கர் பேனாவால் ஒரு பாட்டி கோடு போடத் தொடங்கினார். முதலில் மாரியம்மன் கோவில், அதிலிருந்து அளந்து பெரட்டுக் களம், ஸ்டோர், ஆயாக்கொட்டகை, தண்ணீர்க் குழாய். பக்கத்திலிருந்த இன்னொரு அம்மா, “இல்லக்கா, கொழா இந்தப் பக்கம், ரெண்டாவது லயத்து முக்குல” என்று திருத்தினார். பத்தே நிமிடத்தில் இன்று செம்பனை நிற்கும் இடத்தில் ஒரு தோட்டமே எழுந்து நின்றது. மையம் இதைத் தற்செயலாக விட்டுவிடாமல், வரலாற்று உரை நடக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பெரிய தாள்களும் தடித்த மார்க்கர்களும் எடுத்து வைக்க வேண்டும். பெண்கள் பலர் ஒலிவாங்கி பிடித்துப் பேசக் கூசுகிறார்கள், தாளில் கோடு போட அப்படித் தயங்குவதில்லை.

பால் வெட்டைப் பற்றிய உரை இன்னொரு சான்று. விடியுமுன் ஏன் வெட்ட வேண்டும் என்பதைப் பேச்சாளர் ஒரே வரியில் கடந்து போனார். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போகிறது, பட்டைக்குள் அழுத்தம் குறைகிறது, பால் சீக்கிரம் நின்றுவிடுகிறது என்பது காரணம். இது ஏட்டிலும் கிடைக்கும். ஆனால் முன்னாள் பால்வெட்டுக்காரர் ஒருவர், கொண்டுவந்திருந்த பழைய கத்தியை ஒரு ரப்பர்க் கட்டை மேல் வைத்து இழுத்துக் காட்டியபோது மண்டபத்தில் சத்தமே இல்லை. வெட்டு இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் தாழ இறங்க வேண்டும். பால் குழல்கள் பட்டைக்குள் நேராக ஏறாமல் சற்றே சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால் அதிகக் குழல்கள் அறுபடும். மாற்றி வெட்டினால் பால் குறையும். ஒரு வெட்டுக்கு எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் போலத்தான். ஆழம் போதாவிட்டால் பால் வராது, ஆழம் மிஞ்சி உள்ளே பச்சை மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாக ஆறும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. கிராணி வந்து பார்ப்பது இந்தக் காயத்தைத்தான் என்றார். மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரத்தில் வழிந்து வீணாகும், பால் பிடிக்கும் மங்குக்கு வந்து சேராது. அதனால் மழை நாள் என்றால் வேலையும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. சம்பளச் சீட்டைக் காட்டிப் பேசிய ஆய்வாளர் விளக்க முடியாமல் நின்ற ஓர் இடத்தை இந்த ஒரு விளக்கம் திறந்து காட்டியது.

கடாரம், அதாவது பழைய கெடா, பற்றிய உரைகளில்தான் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஜெராய் மலை கண்ணுக்கு எதிரே நிற்கும் ஊரில் இந்தத் தலைப்புக்குக் கூட்டம் கூடுவது இயல்பு. உணர்ச்சியும் கூடுகிறது, பேச்சாளர் அதற்கு இசைந்து பேசினால் வரலாறு கைநழுவிப் போகிறது. மெர்போக்கில் லெம்பா புஜாங் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிற்கும் புக்கிட் பத்து பஹாட் கோவிலை ராஜேந்திர சோழன் கட்டினான் என்று மேடையில் அடித்துச் சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. 1025இல் சோழர் கடற்படை கடாரத்தின் மேல் வந்ததற்குத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு சான்று. அதைச் சொல்லலாம், பெருமையாகவே சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு தலைமுறை முன்னால் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பியதையும், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததையும் விட்டுவிட்டால் பாதிக் கதைதான் போய்ச் சேரும். பீடோங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தெடுத்த இரும்பு உருக்கிய இடங்கள் ராஜேந்திரனுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. அவற்றையும் சோழர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 2013இல் அதே வட்டாரத்தில் 11ஆம் எண் சண்டி (பழங்காலக் கோவிலின் எச்சம்) வீடமைப்பு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டதைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும். இனியும் இடியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேள்வி நேரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி மாணவி கேட்டார். அன்று கேட்கப்பட்டவற்றில் அதுவே சிறந்த கேள்வி. பதிலுக்கு இரண்டு நிமிடம்கூட இருக்கவில்லை.

நாங்கள் எதிர்பார்த்து இன்னும் வராத தலைப்பு ஒன்றுண்டு. 1960இல் அன்றைய அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலேயே இருக்கும் புக்கிட் சீடிம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர் காசு சேர்த்து ஒரு தோட்டத்தையே வாங்கிய கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

வரலாற்று உரைகளுக்கு நடுவே வரும் ‘பயனுரை’களைச் சிலர் சலிப்பாகப் பார்க்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பைப் பற்றிய உரை முடிந்தபோது பலர் தாளில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலையில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும், வேலைக்குப் போய் வரும் வழக்கமான வழியில் நடக்கும் விபத்தும் அதில் அடங்கும் என்ற இரண்டு செய்தி மட்டுமே பல குடும்பங்களுக்குப் பெரிய காரியம். வழியில் வேறு வேலையாகத் திசை மாறிப் போனால் கோரிக்கை சிக்கலாகும் என்பதும் கேள்வி நேரத்தில்தான் வெளியே வந்தது. ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனம் செய்யாமல் விட்டால் பின்னால் குடும்பம் எவ்வளவு அலைய வேண்டியிருக்கும் என்பதும் அப்படியே. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, நியமிக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர். வெறும் பொறுப்பாளர் அல்ல. ஆகவே இருபது வயதில் அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதிவிட்டு, கல்யாணம் ஆன பிறகும் மாற்றாமல் விடுவது பிற்பாடு வீட்டுக்குள் சண்டையாகிறது. இத்தகைய உரைக்குப் போகும்போது அடையாள அட்டையும் பழைய நியமன நகலும் கையில் இருந்தால் அங்கேயே கேட்டுத் தெளிவு பெறலாம்.

மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமெண்டுத் தரை, வெறும் சுவர், தகரக் கூரை. பேச்சு மோதித் திரும்பி வருவதால் பின்வரிசையில் சொல் குழம்புகிறது. இதில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை மேடையின் பின்பக்கம் வைத்திருக்கிறார்கள். பெட்டியின் ஒலி ஒலிவாங்கிக்குள் திரும்பப் புகுந்து, மறுபடியும் பெருகி, ‘கீச்’ என்று கத்துவதற்கு இதுதான் காரணம். பெட்டிகளை ஒலிவாங்கி நிற்கும் கோட்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர் முன்னால், சுவரைப் பாராமல் மக்களைப் பார்த்துத் திருப்பி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி பேச்சாளர் கையில் இருக்கிறது. ஒலிவாங்கியை நெஞ்சுக்கு நேரே பிடித்தால் ஒலி போதாது, இயக்குபவர் கூட்டுவார், கூட்டினால் கத்தும். உதட்டிலிருந்து மூன்று நான்கு விரற்கடை தூரம் போதும். மேடைக்கு நேர் மேலே சுற்றும் விசிறியை உரை நேரத்தில் நிறுத்திவிடுங்கள், காற்று ஒலிவாங்கியில் அடிக்கும் சத்தம் பதிவில் எல்லாவற்றையும் கெடுக்கிறது. பின்சுவரில் பழைய கனத்த திரைத்துணி தொங்கவிட்டாலே எதிரொலி கேட்கும்படியாகக் குறையும். பெரிய செலவில்லை.

மழைக்கு மட்டும் வழியில்லை. கெடாவில் ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர்வரையிலும் மாலை மழை பிடித்துக்கொள்ளும். தகரத்தின் மேல் அது விழும்போது எந்த ஒலிபெருக்கியும் செல்லாது. ஒருமுறை மழை வலுத்தபோது மையத்தார் சமயோசிதமாக உரையை நிறுத்திவிட்டு, நாற்காலிகளைப் பத்துப் பத்துப் பேர் வட்டமாகப் போட்டுக் கலந்துரையாடலை முன்னே கொண்டுவந்தார்கள். நாங்கள் பார்த்ததில் அருமையான அமர்வு அதுதான். தொலைவிலிருந்து ஒருமுறை மட்டும் வர முடியும் என்பவர்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது.

படவீழ்த்தியில் தமிழ், புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிவது இன்னும் நடக்கிறது. பேச்சாளர் யூனிகோட்டுக்கு முந்திய பழைய எட்டுப் பிட் எழுத்துருவில் தட்டிய கோப்பை மையத்தின் மடிக்கணினியில் திறந்தால் அப்படித்தான் வரும், அந்த எழுத்துரு அங்கே இருக்காது. யூனிகோட்டில் தட்டி, பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவரச் சொன்னால் சிக்கலே இல்லை. கோப்பு இரண்டு நாள் முன்பே மையத்தின் கைக்கு வந்து ஒருமுறை திறந்து பார்க்கப்பட வேண்டும். மேற்குச் சன்னல்கள் வழியே மாலை வெயில் நேராகத் திரையில் விழுகிறது, அந்தப் பக்கம் மட்டுமாவது திரைச்சீலை வேண்டும். கடைசி வரிசை, திரையில் விழும் படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் தள்ளி இருக்கக்கூடாது. ஒன்றரை மீட்டர் உயரப் படம் என்றால் ஒன்பது மீட்டர். அதற்குப் பின்னால் போடும் நாற்காலிகளில் உட்காருகிறவர்களுக்குப் பழைய சம்பளப் பட்டியலின் எண்கள் எதுவும் தெரிவதில்லை.

கேள்வி நேரத்தை நடத்தும் முறைக்கு வருவோம், ஏனெனில் இந்த மையம் உயர்வதும் தாழ்வதும் இதில்தான். ஒலிவாங்கியைக் கேட்பவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தால் திரும்ப வாங்குவது சங்கடம். ஓர் இளைஞர் பக்கத்தில் நின்று தாமே பிடித்துக்கொண்டால் நேரமும் கட்டுப்படும், ஒலியும் சீராக இருக்கும். துண்டுத் தாளும் பென்சிலும் வரிசைதோறும் வைத்து, எழுதிக் கொடுக்கும் கேள்விகளை நெறியாளர் படிக்கும் முறையைச் சில மாதம் வைத்திருந்தார்கள். அப்போது இளைய பெண்களிடமிருந்து கேள்விகள் அதிகம் வந்தன. அதை ஏன் கைவிட்டார்கள் என்று புரியவில்லை, திரும்பக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்பதை முகம் சுளிக்காமல் ஏற்று, நெறியாளர் அதைத் தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்வது மிக நல்ல பழக்கம். பெரியவர்களுக்கும் புரிகிறது, பதிவிலும் கேள்வி தெளிவாக விழுகிறது.

ஆனால் கேள்விக்கும் நினைவுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது சரியில்லை. கேள்விக்கு இரண்டு நிமிடம் போதும். தோட்டத்தில் வாழ்ந்த ஒருவர் எழுந்து தாம் கண்டதைச் சொல்லும்போது, “ஐயா, கேள்வியைக் கேளுங்க” என்று இடைமறிப்பது கேட்கவே வருத்தமாக இருக்கிறது. முதல் அரை மணி கேள்விகளுக்கு, அடுத்த அரை மணி கண்டவர் சொல்வதற்கு என்று பிரித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பதிவு செய்வதில் அக்கறை போதாது. உரை முழுவதும் முகநூல் நேரலையில் போகிறது, கேள்வி நேரம் தொடங்கியதும் கைப்பேசியை மடக்கிவிடுகிறார்கள். உரையைப் பேச்சாளர் வேறோர் ஊரில் மறுபடியும் பேசுவார். அந்தப் பாட்டி இன்னொரு முறை அந்தத் தாளில் கோடு போடுவார் என்பதற்கு என்ன உறுதி? ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி, அல்லது பேசுபவர் பக்கத்தில் வைத்த இரண்டாவது கைப்பேசி போதும். பேசுவதற்கு முன் சம்மதம் கேட்க வேண்டும். பெயர் வெளியிடலாமா, குரல் மட்டும் போதுமா என்பதை அவரே சொல்லட்டும். கோப்புக்கு ஆண்டு, மாதம், தோட்டத்தின் பெயர் மூன்றையும் வைத்துப் பெயரிட்டு, ஒரு பிரதி மையத்திலும் ஒரு பிரதி பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் இருக்க வேண்டும். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்பிவிட்டோம் என்பது காப்பாற்றியதாகாது. அங்கே போகும் படமும் காணொளியும் சுருக்கப்பட்டுத் தரம் குறைகின்றன, கைப்பேசி மாறும்போது காணாமலும் போகின்றன.

சிற்றுண்டி நன்றாக இருக்கும். வடை, மீ கோரெங், தேத்தண்ணி. பார்க்கிங் தாராளம். கழிப்பறை சுத்தம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு முன்வாசலில் இரண்டு படி இருப்பதால் பக்கவாட்டு வழியாக அழைத்துப் போகச் சொல்லுங்கள், அங்கே சரிவு உண்டு.

முதன்முறை போகிறவர்கள் வீட்டில் பழைய தோட்டத்துப் படமோ செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) துண்டோ சம்பளச் சீட்டோ இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். மூலத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அங்கேயே மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆல்பத்தின் ஒட்டுத் தாளில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு கொண்டுபோங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.